எந்த டீ, எத்தனை மில்லிமீட்டர்?

கோல்ஃப் பயிற்சித் திடலான ரேஞ்சில் என் ட்ரைவர் (அதிக தூரம் அடிக்கப் பயன்படும் கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) ஒழுங்காகத்தான் இருந்தது. பத்துப் பந்தில் ஏழு நேராக, நல்ல உயரத்தில் போகும். அதே கிளப், அதே கை, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஹோலில் போய் நின்றால் பந்து ஒன்று தரையோடு ஊர்ந்து போகும், இல்லையென்றால் தென்னை மர உயரத்துக்குக் கிளம்பி அறுபது கஜத்தில் பொத்தென்று விழும். நாலு மாதம் இதற்குத் தோளைக் குறை சொன்னேன், பிடியைக் குறை சொன்னேன், முந்தின ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைக்கூடக் குறை சொன்னேன். கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தது என் பையைத் தூக்கி வரும் கேடி. “சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒவ்வொரு ஹோல்லயும் ஒவ்வொரு ஹைட்ல டீயைக் குத்துறீங்க. பால் எப்படி சார் ஒரே மாதிரி போகும்?”

டீ என்பது முதல் அடிக்குப் பந்தைத் தரைக்கு மேலே தாங்கி நிறுத்தும் சின்னக் குச்சி. அன்று மாலையே மகளின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு குடியிருப்பின் புல்தரையில் உட்கார்ந்தேன். ட்ரைவருக்கு ஊன்றுவதாக நினைத்துப் பத்து முறை டீயை ஊன்றி, ஒவ்வொரு முறையும் பந்தின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தேன். மிகத் தாழ்ந்தது 26 மில்லிமீட்டர், மிக உயர்ந்தது 45. பந்தின் விட்டமே 42.67 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட அரைப் பந்து அளவுக்கு என் கை தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் ரேஞ்சில், பாயில் நட்டிருக்கும் ரப்பர் டீயையும் அளந்தேன்: 48. அந்த ஒரு உயரத்தில் மாதக்கணக்கில் பழகிவிட்டு, மைதானத்தில் கைக்கு வந்த உயரத்தில் ஆடியிருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு வருடம் கண்ணில் பட்ட டீயையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். (“டீ வாங்கப் போறேன்” என்று சொன்னதும் கையில் ஃபிளாஸ்க் திணிக்கப்பட்ட அனுபவம் கோல்ஃப் ஆடும் தமிழர் எல்லாருக்கும் ஒரு தடவையாவது இருக்கும்.) நான் வந்து சேர்ந்த முடிவு இது: மரமா, மூங்கிலா, பிளாஸ்டிக்கா, பிரஷ்ஷா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். யோசிக்க விடாமல் அதே உயரத்தைத் திரும்பத் திரும்பத் தருவதுதான் நல்ல டீ. எது அப்படித் தரும் என்பதை நீங்கள் ஆடும் மண் தீர்மானிக்கிறது. ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு கணக்கைப் போட்டுவிட வேண்டும்: உங்கள் உயரம் எது, உங்கள் மண் எப்படி.

உயரக் கணக்கு

“பாதிப் பந்து ட்ரைவர் தலைக்கு மேலே தெரியணும்” என்று எல்லாரும் சொல்வார்கள். தப்பில்லாத வழிதான். ஆனால் அது மில்லிமீட்டரில் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. என் ட்ரைவரைத் தரையில் வைத்து அளந்தால் முகத்தின் உச்சி சுமார் 60 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பந்தின் நடுப்பகுதி அந்த உச்சிக்கு நேராக வர வேண்டுமென்றால் 60-இலிருந்து அரைப் பந்தைக் கழிக்க வேண்டும். அரைப் பந்து 21 மி.மீ.; ஆக, பந்தின் அடி 39 மி.மீ.யில் நிற்க வேண்டும். ஒன்றரை அங்குலம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு 38 மி.மீ. இரண்டும் ஒன்றேதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். பந்தின் நடு 60 மி.மீ.யில் இருக்கிறது, கிளப் முகத்தின் நடு 30 மி.மீ. அளவில் இருக்கிறது. அப்படியே சுழற்றினால் முகத்தின் உச்சியில்தானே படும்? ஆமாம், தலை தரையை உரசிக்கொண்டு போனால் அப்படித்தான் படும். பாதிப் பந்து என்ற ஆலோசனையே தலை தரையை விட்டு மேலே எழும்பிக்கொண்டிருக்கும்போது பந்தைச் சந்திக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுவது. பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேராக வைப்பதும் அதற்காகத்தான்: சுழற்சியின் அடிமட்டம் பந்துக்கு முன்னாலேயே முடிந்து, ஏறுமுகத்தில் அடி விழ வேண்டும். மேலிருந்து வெட்டுகிற பழக்கம் உள்ளவர் 39 மி.மீ.யில் ஊன்றினால் கிளப் பந்துக்கு அடியில் நுழைந்துவிடும். என் தென்னை உயர ஷாட்டுகளின் ரகசியம் அதுதான். ட்ரைவரின் மண்டையில் விழுந்திருக்கும் வெள்ளைக் கீறல்கள் அதற்குச் சாட்சி.

பந்தின் பறத்தலை ரேடாரால் அளக்கும் ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்டு நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கும் சராசரிகளை இந்த இடத்தில் பார்ப்பது நல்லது. அந்தக் கணக்கெடுப்பின்போது, தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஆண்கள் ட்ரைவரில் மணிக்கு 113 மைல் வேகத்தில், 1.3 டிகிரி கீழ்நோக்கி அடித்தார்கள். எல்.பி.ஜி.ஏ. பெண்கள் 94 மைல் வேகத்தில், 3 டிகிரி மேல்நோக்கி. பந்து கிளம்பும் கோணம் ஆண்களுக்கு 10.9, பெண்களுக்கு 13.2. வார இறுதியில் ஆடும் நம்மில் பெரும்பாலோரின் வேகம் அந்த 94-ஐ ஒட்டியதுதான், பலருக்கு அதற்கும் கீழே. ஆனால் தொலைக்காட்சியில் ஆண்களைப் பார்த்துவிட்டு அவர்களைப் போலத் தாழ்வாக ஊன்றுகிறோம். வேகம் இல்லாதவனுக்குக் கோணம்தான் துணை. பந்து உயரமாகக் கிளம்பி, குறைந்த ஸ்பின்னோடு (பின்சுழற்சி) போனால் காற்றில் தாக்குப்பிடிக்கும்.

அந்தக் குறைந்த ஸ்பின்னும் டீ உயரத்தோடு சம்பந்தப்பட்டதுதான். முகத்தின் நடுவுக்குச் சற்று மேலே பந்து பட்டால் கிளப் தலை ஒரு கணம் பின்னால் சாய்கிறது; பல்சக்கரம் போல அந்தச் சாய்வு பந்தின் பின்சுழற்சியைக் குறைக்கிறது. நடுவுக்குக் கீழே பட்டால் நேர் எதிர்: தாழ்வாகக் கிளம்பி, ஸ்பின் ஏறி, பாதி வழியில் மூச்சு வாங்கி விழும். ஆக 10 மி.மீ. வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை. அதே சுழற்சியில் பந்து முகத்தின் கீழ்ப்பாதிக்கும் மேல்பாதிக்கும் மாறிவிடும்.

உங்கள் உயரத்தைக் கண்டுபிடிக்க எந்திரம் எதுவும் வேண்டாம். ட்ரைவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, லேசாக முகப் பவுடர் தூவுங்கள். 30, 34, 38, 42 மி.மீ. என்று ஸ்கேல் வைத்து ஊன்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து பந்து அடித்து, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தடம் நடுவிலோ அதற்கு ஒரு நகக்கண் மேலேயோ தொடர்ந்து விழும் உயரம்தான் உங்களுடையது. நான் செய்தபோது கேடி எட்டிப் பார்த்து, “என்ன சார், கிளப்புக்குத் திருநீறு பூசிட்டீங்களா?” என்றான். எனக்கு வந்த எண் 36. பக்கத்தில் ஆடும் நண்பர் என்னைவிட மேலிருந்து வெட்டுகிறவர், அவருக்கு 30. இருவரும் மற்றவர் டீயை இரவல் வாங்குவதை அன்றோடு நிறுத்தினோம்.

குச்சிக்கு முன்னால் மணல்

நூறு வருடத்துக்கு முன் இந்தத் தேர்வே கிடையாது. ஒவ்வொரு ஹோலின் தொடக்கத்திலும் ஒரு மணல் பெட்டியும் தண்ணீரும் இருக்கும். கேடி ஈர மணலை எடுத்து, பிள்ளையார் பிடிப்பது போல ஒரு குவியல் பிடித்து அதன்மேல் பந்தை வைப்பார். உயரம் ஒரே மாதிரி இருப்பது முழுக்க அவர் கைப்பக்குவம். 1889-இல் வில்லியம் பிளாக்ஸம், ஆர்தர் டக்ளஸ் என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் தரையில் வைக்கும் ஒரு ரப்பர் தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். தரையில் குத்தும் மரமுளைக்கு அமெரிக்கக் காப்புரிமையை 1899 டிசம்பர் 12 அன்று வாங்கியவர் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். அவர் அதை விற்கவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்ததோடு சரி. 1920-களில் வில்லியம் லோவல் என்ற இன்னொரு பல் மருத்துவர் ‘ரெட்டி டீ’ என்று ஒன்றைச் செய்து, அன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் வால்டர் ஹேகனுக்குப் பணம் கொடுத்து ஊர் ஊராகப் பயன்படுத்த வைத்தார். அதன் பிறகுதான் மணல் பெட்டி மறைந்தது. ஈறில் பல் நிறுத்துகிறவர்களுக்குத்தான் மண்ணில் குச்சி நிறுத்தும் யோசனை வந்திருக்கிறது பாருங்கள்.

அந்தக் காலத்து மரத்தலை ட்ரைவர்களின் முகம் குள்ளமானது. 54 மி.மீ. டீ அவற்றுக்குத் தாராளம். 1991-இல் கேலவே நிறுவனத்தின் ‘பிக் பெர்த்தா’ 190 கன சென்டிமீட்டர் தலையோடு வந்தபோதே அதைப் பெரிசு என்றார்கள். இன்றைக்கு விதி அனுமதிக்கும் உச்சம் 460. தலை வளர வளர குச்சியும் வளர்ந்தது. கடையில் இப்போது தொங்கும் அளவுகள் பெரும்பாலும் 54, 70, 83, 102 மி.மீ. விதியின்படி 4 அங்குலத்துக்கு, அதாவது 101.6 மி.மீ.க்கு மேல் நீளம் கூடாது. அடிக்கும் திசையைக் காட்டும் அம்புக்குறி போன்ற அமைப்பும் கூடாது. குச்சியில் நீங்களே பேனாவால் உயரக்கோடு போட்டுக்கொள்வதில் பிரச்சினை இல்லை.

சாதா மரக்குச்சி

நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரைக்கு மேலே எவ்வளவு என்பதைவிட உள்ளே எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். 38 மி.மீ. வெளியே நிற்க வேண்டுமென்றால் 54 மி.மீ. குச்சியில் உள்ளே போவது 16 மட்டும். பந்தின் 46 கிராம் எடைக்கே சாய்ந்துவிடும். 70-இல் 32 உள்ளே போகும், அது போதும். 83-இல் 45, அது உறுதி. 102-இல் 64 மி.மீ. மண்ணுக்குள் போக வேண்டும். சென்னை மே மாத மண்ணில் அதற்குச் சுத்தியல் கொண்டுவர வேண்டியிருக்கும். ட்ரைவருக்கு 45 மி.மீ.க்கு மேல் ஊன்றுகிற நெட்டை ஆட்டக்காரர் தவிர யாருக்கும் 102 தேவையில்லை என்பது என் கருத்து. நீளமான குச்சி கையில் இருந்தால் கை தானாக உயர்த்தி ஊன்றும் என்பது இன்னொரு ஆபத்து.

மரக்குச்சியின் நல்ல குணம், எந்த கிளப்புக்கும் எந்த உயரத்துக்கும் அது வளைந்து கொடுக்கும் என்பது. கெட்ட குணமும் அதுவேதான். எந்த உயரம் என்பதை ஒவ்வொரு முறையும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் 26-க்கும் 45-க்கும் நடுவே அலைந்தது சாதா மரக்குச்சியில்தான். உடைந்தால் வருத்தமில்லை, மண்ணோடு மக்கிவிடும். மைதானப் பராமரிப்பு ஊழியர்கள் மரத்தையே விரும்புவதற்குக் காரணம் இது.

மூங்கில் குச்சி என் அனுபவத்தில் சாதா மரத்தைவிடக் கெட்டி. ஒரு சுற்றில் நாலு மரக்குச்சி உடைகிற இடத்தில் மூங்கில் ஒன்றோ இரண்டோ உடையும். காய்ந்த தரையில் குத்தும்போது நுனி மழுங்காமல் இறங்குகிறது. மற்றபடி உயரப் பிரச்சினை அதிலும் அப்படியே இருக்கிறது.

கோடு போட்ட குச்சி

உடம்பில் வளையக் கோடுகள் அச்சிட்ட மர, மூங்கில் டீக்கள் கிடைக்கின்றன. இரண்டாவது கோடு தரையோடு சேரும்வரை குத்து, அவ்வளவுதான். கேட்பதற்கு இதைவிட எளிமையான தீர்வு இல்லை. நான் முதலில் இதைத்தான் நம்பினேன். மூன்று வாரத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது: தரை என்பது எது? புல்லின் நுனியா, மண்ணா? டீ போடும் இடத்தில் புல் 10 மி.மீ. வளர்ந்திருந்தால் கோடு மண்ணைத் தொடும்போது உங்களுக்கு அது கண்ணில் படாது. புல் நுனியில் நிறுத்தினால் 10 மி.மீ. கூடிவிடும். என் கணக்கு: ட்ரைவரின் அடிப்பாகம் புல்லின் மேல்தான் உட்காருகிறது, ஆகவே புல் நுனியிலிருந்து அளப்பதுதான் சரி. கிளப்பை டீக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். இதை ஒரு தடவை முடிவு செய்துகொண்டு மாற்றாமல் இருந்தால், கோடு போட்ட 83 மி.மீ. மூங்கில் குச்சி ஒரு நல்ல தேர்வு. தனியாகக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். அழியாத மார்க்கர் பேனாவால் வீட்டில் உட்கார்ந்து ஐம்பது குச்சிக்குக் கோடு போடப் பதினைந்து நிமிடம்.

கோட்டை டீ

இங்கிலாந்தில் ‘காஸில் டீ’ என்பார்கள். சதுரங்கத்தில் இருக்கும் யானைக்காய் போல உருவம், நடுவில் ஒரு விளிம்பு. விளிம்பு தரையில் முட்டும்வரை அழுத்தினால் போதும், அதற்கு மேல் உள்ளே போகாது. உயரத்தை நிறத்தால் பிரித்திருப்பார்கள். எந்த நிறம் எந்த உயரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், அதனால் நிறத்தை நம்பாமல் ஸ்கேலை நம்புங்கள்.

ஒரே உயரம் என்ற ஒற்றைக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. நடுங்கும் கை, அவசரம், பின்னால் காத்திருக்கும் நாலு பேர், எதுவும் அதன் உயரத்தை மாற்றாது. எங்கள் மைதானத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இதைத்தான் பயன்படுத்துகிறார். குனிகிறார், அழுத்துகிறார், நிமிர்கிறார். கோடு பார்க்கவோ விரல் வைத்து அளக்கவோ அவருக்கு இடுப்பு இடம் தராது.

குறைகளும் உண்டு. பிளாஸ்டிக். உடைந்த துண்டு மண்ணில் மக்காது. மரக்குச்சி மட்டும்தான் என்று கறாராகச் சொல்லும் மைதானங்கள் இருப்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. 36 வேண்டும் என்பவருக்குக் கடையில் 36 கிடைக்காது, 40-ஐயோ 32-ஐயோ எடுத்துக்கொண்டு கால்களுக்கு எதிரே பந்து இருக்கும் இடத்தைக் கொஞ்சம் முன்பின் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். ட்ரைவருக்கு ஒரு நிறம், அயர்ன் என்ற இரும்புத் தலைக் கிளப்புக்கு ஒரு நிறம் என்று பாக்கெட்டில் இரண்டு வகை சுமக்க வேண்டும். முக்கியமானது, விளிம்பு மண்ணில் முட்டினால்தான் அதன் மந்திரம் பலிக்கும். காய்ந்த மண்ணில் முனை பாதியில் நின்றுவிட்டால் விளிம்பு அந்தரத்தில் தொங்கும். அப்போது அது விலை கூடிய சாதா டீதான்.

பிரஷ் டீ, முள் டீ

தலையில் பல் விளக்கும் பிரஷ் போல நார்கள் உள்ளது ஒரு வகை. மூன்று நான்கு முட்களின்மேல் பந்தை உட்காரவைப்பது இன்னொன்று. உரசல் குறையும், தூரம் கூடும் என்று அட்டையில் போட்டிருக்கும். மணிக்கு நூறு மைல் வேகத்தில் 200 கிராம் தலை வந்து மோதும்போது அந்தச் சின்னக் கிண்ணத்தின் உரசல் என்ன பெரிதாகத் தடுத்துவிடும்? எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. உயர விஷயத்தில் இவற்றைப் பற்றி ஒரு புகாரே உண்டு: நாள்பட நார்கள் மடங்குகின்றன, முட்கள் விரிகின்றன. புதிதில் 38-இல் நின்ற பந்து இரண்டு மாதத்தில் 35-இல் நிற்கும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். வேண்டாம்.

ரேஞ்சின் ரப்பர் டீ

கடையில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாரத்தில் மூன்று நாள் நீங்கள் அடிப்பது இதிலிருந்துதான். அதனால் பேச்சில் இதற்கு இடம் கொடுக்காமல் முடியாது. ரேஞ்ச் வைத்திருப்பவர் தனக்குக் கிடைத்த அளவை நட்டிருப்பார். பழசானதும் அது அடி விழும் திசையில் சாய்ந்து வேறு நிற்கும். நான் பழகிய 48 மி.மீ.யில் என் உடம்பு எழும்பி அடிக்கக் கற்றுக்கொண்டது. மைதானத்தில் 30-இல் வைத்தால் அதே எழும்புகிற அடி பந்தின் தலையைத் தடவும். ஊர்ந்து போன பந்துகள் அப்படி வந்தவை. ஸ்விங் பழுது என்று பயிற்சியாளருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வழி சுலபம். தனியாக ஒரு ரப்பர் டீ வாங்கி, பாயின் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வெளியே 36 மி.மீ. மட்டும் தெரியும்படி பிளேடால் வெட்டி, பைக்குள் போட்டுக்கொண்டேன். பாயின் ஓட்டையில் அடியிலிருந்து செருகினால் ஆயிற்று. நான் இந்த ஒரு வருடத்தில் செய்ததிலேயே ஆட்டத்துக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான். வாங்கிய டீக்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

விரல் கணக்கு

குச்சியை மாற்றாமல் கையையே அளவுகோலாக்கிக்கொள்வதும் ஒரு வழி, செலவில்லாதது. பந்தையும் டீயையும் சேர்த்துப் பிடித்து அழுத்தும்போது, பந்துக்கு அடியில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் படுக்கையாக இருக்கட்டும். கீழ் விரல் தரையைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். என் இரண்டு விரலின் அகலம் சேர்ந்து 37 மி.மீ. வந்தது, எனக்கு வேண்டியதற்கு ஒரு மி.மீ. கூட, பரவாயில்லை. உங்கள் விரலை நீங்கள் அளந்து பாருங்கள். தடித்த விரல்காரருக்கு 42 வரும், மெல்லிய விரலுக்கு 32. “ரெண்டு விரல் வச்சுக்கோங்க சார்” என்று கேடிகள் எல்லாருக்கும் ஒரே ஆலோசனை சொல்வதில் உள்ள ஓட்டை இது.

கோடு போட்ட குச்சியையும் விரல் கணக்கையும் சேர்த்துச் செய்தபோது என் பத்து முறை சோதனையின் அலைச்சல் 19 மி.மீ.யிலிருந்து 5-க்குள் வந்தது. கோட்டை டீயில் 2-க்குள்.

மண் என்ன சொல்கிறது

எங்கள் பக்கம் மண் வருடத்துக்கு இரண்டு வேடம் போடும். ஏப்ரல், மே மாதங்களில் டீ போடும் இடம் சிமெண்ட் தரைக்குச் சமம். குச்சி இறங்காது, வளையும், உடையும். அப்போது ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் முதலில் ஓட்டை போட்டுவிட்டுக் குச்சியைச் செருக வேண்டும். அனுபவமுள்ள கேடிகள் தாங்களே அதை வைத்திருப்பார்கள். ஓட்டையை ஆழமாகப் போட்டால் கோட்டை டீயும் விளிம்புவரை உட்காரும். ஐப்பசி மழைக்குப் பிறகு நிலைமை தலைகீழ்: விளிம்பே சேற்றில் அமிழும், பந்தின் எடையில் குச்சி சாயும். அந்த மாதங்களுக்கு 83 மி.மீ. மூங்கில்தான் சரி, ஆழமாகப் போய் நின்றுகொள்ளும்.

கொடைக்கானலுக்குப் போனால் வேறு கதை. 1895-இல் தொடங்கிய அந்த மைதானம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, பனியிலும் தூறலிலும் ஊறிய புல்லில் இருக்கிறது. காலையில் குச்சி வெண்ணெயில் கத்தி போல இறங்கும். நடுநடுவே காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போன குளம்புத்தடம் வேறு. அங்கே கோட்டை டீ எனக்குக் காலை வாரியது, விளிம்பு ஈரப் புல்லை அமுக்கிக்கொண்டு உள்ளே போய், 40 என்று வாங்கியது 33-ஆக நின்றது. விரல் கணக்குதான் கைகொடுத்தது.

மண்ணைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது மேடு பள்ளம். டீயின் உயரத்தை டீயின் அடியிலிருந்து அளக்கிறோம். ஆனால் நம் ஸ்விங்குக்குத் தெரிவது பாதத்திலிருந்து பந்து எவ்வளவு உயரம் என்பது மட்டும்தான். பலர் மிதித்துத் தேய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, தேயாத புல் மேட்டில் டீயைக் குத்தினால் உங்கள் 36 உண்மையில் 50. டீ போடும் இடத்தின் முன்விளிம்பைக் காட்டும் இரண்டு குறிகளிலிருந்து, விதி இரண்டு கிளப் நீளம் பின்னால் வரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பாதம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும் தவறில்லை. எல்லாரும் குறிகளுக்கு நடுவே முன்விளிம்பில் வைத்து அரை கஜம் மிச்சம் பிடிக்கிறார்கள். அரை கஜத்தை விட்டுக்கொடுத்து, பாதமும் பந்தும் ஒரே மட்டத்தில் வரும் இடத்தைத் தேடுங்கள். காற்றில் பந்து டீயிலிருந்து உருண்டு விழுந்தாலும் பதறாதீர்கள். அடிக்க முனையாதவரை அபராதம் இல்லை, எடுத்துத் திரும்ப வைக்கலாம். திரும்ப வைக்கும்போது அவசரத்தில் உயரத்தை மாற்றிவிடுவதுதான் நிஜமான அபராதம்.

அப்போ எதை வாங்குவது?

புதிதாக ஆடத் தொடங்கியவர் என்றால் யோசிக்காமல் கோட்டை டீ, பவுடர் சோதனையில் வந்த எண்ணுக்கு அருகில் உள்ள நிறம். ஸ்விங்கில் ஆயிரம் மாறிக்கொண்டிருக்கும்போது டீயாவது மாறாமல் இருக்கட்டும். குனியச் சிரமப்படுகிறவருக்கும் அதுவே. வெவ்வேறு ஊர்களில் ஆடுகிறவர், எந்த மண் எப்படி இருக்கும் என்று தெரியாதவர், கோடு போட்ட 83 மி.மீ. மூங்கிலை எடுத்துக்கொண்டு விரல் கணக்கைப் பழகலாம். என் தேர்வு இதுதான், கோடையில் மட்டும் 70-க்கு இறங்குகிறேன். வேகமாக, கீழ்நோக்கி அடிக்கிற இளைஞருக்கு 70 மி.மீ. சாதா மரக்குச்சியே போதும், அவர் 30-க்கு மேல் ஏற்றப் போவதில்லை.

ட்ரைவர் தவிர மற்ற கிளப்புகளுக்குத் தனி டீ வாங்காதீர்கள். ட்ரைவருக்கு அடுத்த கிளப்பான ‘3-வுட்’டுக்கு 12 மி.மீ. தெரிந்தால் போதும். அயர்னுக்கு நல்ல புல்லில் பந்து தானாக உட்கார்ந்திருப்பது போல, டீயின் கிண்ணம் மட்டும் வெளியே. இதற்கு முதல் ஹோலில் உடைந்து கிடக்கும் குச்சிகளே கச்சிதம், டீ போடும் இடத்தின் ஓரத்தில் எப்போதும் பொறுக்கலாம். பார் மூன்றில் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டை ஹோலில்) எதற்கு டீ என்று கேட்கிறவர்களுக்குப் பழைய சாம்பியன் ஜாக் நிக்லாஸைச் சொல்லலாம்: மண்ணைவிடக் காற்றுக்குத் தடை குறைவு என்பது அவர் கட்சி. டீயே இல்லாமல் கிளப்பால் புல்லைக் கொத்தி எழுப்பி, அந்த மண்கட்டியின்மேல் பந்தை வைத்து அடித்தே நாலு மேஜர் (பெரிய போட்டிப் பட்டம்) வென்ற லாரா டேவிஸும் இருக்கிறார். அதைப் பார்த்து எங்கள் மைதானத்தில் யாராவது செய்தால் புல் வெட்டுகிற பெரியவர் விரட்டிக்கொண்டு வருவார்.

சோதனை முடிந்தபோது என்னிடம் ஒரு பிக் ஷாப்பர் பை நிறைய டீக்கள் மிஞ்சின: பிரஷ், முள், நெட்டை, குட்டை, ஏழெட்டு நிறம். “இதையெல்லாம் நான் வச்சுக்கவா சார்?” என்று கேடி கேட்டான், கொடுத்தேன். அடுத்த வாரம் பார்த்தால் அளவு வாரியாகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். எந்த சாருக்கு எந்தக் கட்டு என்பது அவனுக்கு அத்துப்படி.